கஞ்சித் தொட்டியில் வால் தவளைகள்

"வால் விழாத தவளைய நீ கண்ணால காட்டு. அன்னிக்கே உன்ன வாங்க, போங்கன்னு கூப்புடறேன்."

இப்படிச் சொன்னவர் என் பாவா, அக்காவின் வீட்டுக்காரர். சொன்னபோது அவர் தறிக்குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்திருந்தார். நான் குழியின் ஓரத்தில் நின்றிருந்தேன். பெரியவர்களை மேலிருந்து குனிந்து பார்த்துப் பேசும் வாய்ப்பு நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் உண்டு. அதனால்தானோ என்னவோ, எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"விழுந்துட்சின்னா?" என்று கேட்டேன்.

"விழுந்துட்சின்னா, விளக்கு வெச்சதும் நீ புஸ்தகத்தத் தொடக்கூடாது. என் பக்கத்துல குந்திகினு தார் சுத்தணும். பொங்கல் வரைக்கும். சம்மதமா டீச்சரம்மா?"

தார் சுற்றுவது என்றால் ஊடை நூலைச் சின்னச் சின்னக் குச்சிகளில் ராட்டையை வைத்துச் சுற்றித் தருவது. அந்தக் குச்சியைத் தாங்கிக்கொண்டுதான் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும். வீட்டில் அது அக்காவின் வேலை. அக்கா அப்போது முழுகாமல் இருந்தாள். குனிந்து உட்கார்ந்தால் மூச்சு வாங்கினாள். அந்த ராட்டை எப்போது வேண்டுமானாலும் என் பக்கம் திரும்பலாம் என்று எனக்குத் தெரியும். விளக்கு வைத்த பிறகு கூடத்தில் எரியும் ஒரே பல்புக்குக் கீழே நான் படிக்கும் நேரம்தான் வீட்டில் எனக்கென்று இருந்த சொத்து. அதைத்தான் பந்தயத்தில் வைத்தேன்.

"ஆங், சம்மதம்" என்றேன்.

எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் என் குரல் ஒரு படி உயரும். உயரட்டும். மளிகைக் கடையிலிருந்து பருப்பு சுற்றி வந்த காகிதத்தை அம்மா தூக்கிப் போட மாட்டாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை அடுப்பு மேடையில் நீவி வைத்திருப்பாள். நான் அதைச் சத்தமாகப் படிக்க வேண்டும். எந்த ஊரிலோ யாரோ மந்திரி வந்தது, எங்கேயோ ரயில் நின்றது, பாதியில் கிழிந்த ஒரு கதை. அம்மா பருப்பைக் களைந்தபடி கேட்பாள். "அப்புறம்?" என்பாள். "அப்புறம் கிழிஞ்சிருக்குதும்மா." "சரி, நாளைக்கு உளுந்து வாங்கறேன், அதுல இருக்குதா பாரு" என்பாள். புத்தகத்தில் இருப்பது பொய்யாக இருக்க முடியும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதே இல்லை. பிறகு நடந்ததற்கெல்லாம் இந்த நம்பிக்கைதான் காரணம்.

என்னோடு அந்த ஓட்டுக் கட்டடத்தில் ஐந்தாம் வகுப்பில் தரையில் உட்கார்ந்து படித்தவர்களுக்கு அந்த விஞ்ஞானப் பாடம் நினைவிருக்கும். நீரிலும் நிலத்திலும் வாழ்பவை. டீச்சர் மெட்ராஸிலிருந்து வந்தவர், புத்தகத்தில் இல்லாததையும் சொல்லித் தருவார். அன்று தவளையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவர், "சில ஊர்ல நியூட்டுன்னு ஒண்ணு இருக்கு. வால் தவளைன்னு வெச்சுக்கோங்களேன். நாலு கால் இருக்கும், வாலும் இருக்கும். நம்ம தவளை மாதிரி இல்ல, அதுக்குக் கடைசிவரைக்கும் வால் விழாது" என்றார்.

நான் கையைத் தூக்கினேன். "டீச்சர், அது எங்க ஊட்டாண்ட கீது."

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. "இல்லம்மா, அது குளிரான மலை நாட்டுல இருக்கும்" என்றார்.

மலை எங்கள் திருத்தணியிலும் இருந்தது. ஜன்னல் வழியாகவே தெரிந்தது. மார்கழியில் அதன் படிக்கட்டில் கால் வைத்தால் சில்லென்றுதான் இருக்கும். எனக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

ஏன் அப்படி உறுதியாக நம்பினேன் என்று சொல்கிறேன். எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு, தெருவுக்கு வந்தால் தமிழ். கோபத்தில் இரண்டும் கலந்து வரும். (வீட்டுப் பேச்சையெல்லாம் இங்கே தமிழாகவே எழுதுகிறேன்.) மழை பெய்து ஓய்ந்ததும் குட்டைகளில் கருப்பாக நெளியுமே, அந்த உயிருக்கு எங்கள் வீட்டில் பெயர் 'தோக கப்ப'. தோக என்றால் வால். கப்ப என்றால் தவளை. டீச்சர் 'வால் தவளை' என்று சொன்ன அந்த நொடியே என் தலைக்குள் அந்த இரண்டு சொற்களும் கை கோத்துக்கொண்டன. இரண்டு மொழி தெரிந்தவளுக்குக் கிடைத்த பரிசு என்று நினைத்தேன். வகுப்பில் தமிழ் மட்டும் தெரிந்தவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன்.

அதே பாடத்தில் 'தலைப்பிரட்டை' என்றும் ஒரு சொல் இருந்தது. "தலைப்பிரட்டைக்கு வால் உண்டு, வளர்ந்து தவளையானதும் வால் மறைந்துவிடும்." அதை மனப்பாடம் செய்திருந்தேன். பரீட்சையில் எழுதி முழு மார்க்கும் வாங்கினேன். ஆனால் என் மனதில் அது புத்தகத்துக்குள் மட்டும் வாழ்கிற ஏதோ ஒரு பிராணி. படம் வேறு மை ஊறி ஒரு கருப்புச் சொட்டாக அச்சாகியிருந்தது. அந்தச் சொட்டும் எங்கள் தெருக்கோடிக் குட்டையில் நெளிந்த தோக கப்பயும் ஒன்றுதான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

ஆனி மாதம் நல்ல மழை. மலையடிவாரத்தில் கல் உடைத்த பள்ளங்களெல்லாம் நிறைந்திருந்தன. அம்மாவின் ஊறுகாய் ஜாடியை எடுத்துக்கொண்டு போய் ஒரு சேலைத் துண்டை வலையாக வீசி அள்ளிவந்தேன். அன்று மாலையே எல்லாம் செத்து மிதந்தன. ஜாடியைக் கழுவித்தான் இருந்தேன். ஆனால் பீங்கானுக்குள் எத்தனை வருஷத்து உப்பு ஊறியிருந்ததோ! மறுநாள் அப்பாவிடம், எங்கள் பேச்சில் நைனாவிடம், போய் நின்றேன்.

நைனா அதிகம் பேச மாட்டார். தறியை நிறுத்தி, நாடாவை மடியில் வைத்துக்கொண்டு, நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "அதுக்கு வால் விழாதுன்னு டீச்சர் சொன்னாங்களா?"

"ஆங் நைனா."

"நமக்கு இத்தினி நாளா தெரியாம போச்சி பாரேன்" என்றார். கிண்டலாக அல்ல. நிஜமாகவே வியந்து சொன்னார்.

பாவு நூல் விறைக்கப் போடும் கஞ்சியை ஊற வைக்கும் பழைய மண்தொட்டி ஒன்று, வாய் உடைந்து கொல்லையில் கிடந்தது. அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, கிணற்றடி முருங்கை மரத்துக்குக் கீழே கொண்டுவந்து வைத்தார். எவ்வளவு தேய்த்தும் புளித்த கஞ்சி வாசனை போகவில்லை. இன்றும் எங்காவது ஈர மண்ணில் அந்த வாசனை வந்தால் நான் திரும்பிப் பார்ப்பேன். அடியில் ஆற்று மணல் பரப்பினேன். ஏரியிலிருந்து வேலம்பாசி பறித்துவந்து போட்டேன். கிணற்று நீரை ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்து, பிறகு ஊற்றி, பள்ளத்திலிருந்து மறுபடி அள்ளிவந்தவற்றை விட்டேன். மலைக் குரங்குகள் கொல்லையில் இறங்கி எதையும் விட்டுவைப்பதில்லை என்பதால் தொட்டிக்கு மூடி வேண்டியிருந்தது. நைனா, தறியில் பாவு நூல் ஒவ்வொன்றாக நுழைந்து வருமே, சீப்பைப் போன்ற அந்த அச்சில் பழசாகிப்போன இரண்டை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேலே கட்டிவிட்டார். காற்று போகும், வெளிச்சம் போகும், குரங்கின் விரல் போகாது. அதன் நிழல் தண்ணீருக்குள் கோடு கோடாக விழும். அந்தக் கோடுகளுக்கு நடுவில் என் வால் தவளைகள் நீந்தும்.

நடுவில் ஒரு கல்லாவது வைக்கலாமே என்று அக்காதான் சொன்னாள். வேண்டாம் என்றேன். வால் இருப்பது எதற்கு? நீந்துவதற்கு. வால் விழாத உயிர் கடைசிவரை நீந்திக்கொண்டேதானே இருக்கும்? அதற்குத் தரை எதற்கு? என் தர்க்கம் அவ்வளவு சுத்தமாக இருந்தது.

அம்மாவின் பயம் வேறு. "தவளையக் கூட்டி வெச்சா பின்னாலயே பாம்பு வரும். அக்காவ பாரு, இந்த நேரத்துல ஊட்ல பாம்பு வந்தா நல்லா இருக்குமா?"

"இது குதிக்கற தவளை இல்லம்மா. இது வெளியவே வராது."

"புஸ்தகத்துல போட்டிருக்குதா?"

"டீச்சர் சொன்னாங்க."

அம்மா அதோடு விட்டுவிட்டாள். மறுநாளிலிருந்து முருங்கைக்கீரையைக் குழைய வேகவைத்து, உப்புப் போடாமல் ஒரு பிடி எனக்கென்று தனியாக எடுத்து வைத்தாள்.

பாவாவுக்குத்தான் இது எதுவும் பிடிக்கவில்லை. அவருக்குத் தவளை என்றால் பயம். சொந்த ஊரான பொதட்டூர்பேட்டையில் அவர் சின்னப் பையனாகத் தறியில் உட்கார்ந்த முதல் மழைக்காலத்தில், மிதிப்பலகையில் வைத்த காலின்மேல் ஈரமாக ஏதோ ஏறி உட்கார்ந்ததாம். கத்திக்கொண்டு எழுந்ததில் பாவு நூல் பாதி அறுந்துபோனதாம். அதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். ஆனால் தினமும் காலையில் குழிக்குள் இறங்குவதற்கு முன்னால் ஒரு குச்சியை விட்டுக் கிளறிப் பார்க்காமல் இறங்க மாட்டார். பந்தயம் கட்டிய அன்றும் அந்தக் குச்சி கையில்தான் இருந்தது.

பின்னங்கால்கள் முளைத்த நாளில் நான் பள்ளிக்கூடத்துக்குப் போகவே மனமில்லாமல் போனேன். பிறகு ஒரு நாள் முன்னங்கால்களும் வந்தன. நாலு கால், ஒரு வால். டீச்சர் சொன்னது அப்படியே என் தொட்டிக்குள் இருந்தது.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு வந்த சொந்தக்காரர்கள் வீடு நிறைய இருந்தார்கள். தெருவெல்லாம் பூ நசுங்கிய வாசனை, அரோகரா சத்தம். மலை ஏறி இறங்கியவர்கள் காலைக் கழுவக் கிணற்றடிக்கு வரும்போதெல்லாம் நைனா அவர்களைத் தொட்டியருகே கூட்டிப்போவார். "பாருங்க, வால் தவளை. வால் விழவே விழாது. பாப்பா படிச்சிட்டு சொல்லுது."

ஒரு பெரியப்பா மட்டும், "ஏன்டா, இது நம்ம குட்டைல கெடக்குற தோக கப்ப இல்ல?" என்றார்.

"ஆமா. அதான் இது" என்றார் நைனா பெருமையாக. "நமக்குத்தான் அருமை தெரியல."

யாரும் மறுக்கவில்லை. இன்றைக்கு நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. அத்தனை பேரும் மழைக்காலம் முழுக்கத் தவளைச் சத்தத்தில் தூங்கி எழுந்தவர்கள். தறிக்குழியில் தினமும் தவளையைப் பார்த்தவர்கள். ஒருவராவது, "அட, இதுதானே வளர்ந்து அதுவாகிறது" என்று சொல்லியிருக்கலாம். தெரியாமல் இருந்திருக்க முடியாது. ஒன்பது வயதுப் பெண் பிள்ளை புத்தகத்தைச் சொன்னதும் தங்கள் கண் பார்த்ததைத் தாங்களே தள்ளி வைத்துவிட்டார்கள். படிப்பின் மேல் அவர்களுக்கு இருந்த மரியாதை அப்படி. அந்த மரியாதையை நினைத்தால் எனக்கு இப்போது கொஞ்சம் பயமாகக்கூட இருக்கிறது.

கிருத்திகை முடிந்து சொந்தக்காரர்கள் போன பிறகு ஒரு காலையில், தொட்டியில் ஒன்று வயிற்றை மேலே காட்டி மிதந்தது.

மறுநாள் இன்னும் சில. தண்ணீரை மாற்றினேன். கீரையை நிறுத்திச் சோற்றுப் பருக்கை போட்டேன். மீதியிருந்தவை தொட்டியின் சுவரில் ஏற முயன்று ஏற முயன்று வழுக்கி விழுந்தன. அப்போதுதான் அதைக் கவனித்தேன். வால்கள் குட்டையாகிக்கொண்டு வந்தன. நுனி மெலிந்து, கறுத்து, நாளுக்கு நாள் உள்ளே இழுத்துக்கொண்டது போல இருந்தது.

வால் விழுகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். வால் விழாத உயிருக்கு வால் சுருங்கினால் அது வியாதிதானே? "நைனா, வால் அழுகற நோவு வந்துட்சி" என்று அழுதுகொண்டு ஓடினேன்.

வீடே வைத்தியத்தில் இறங்கியது. அம்மா மஞ்சளைக் கரைத்துத் தொட்டியில் விட்டாள். தண்ணீர் மஞ்சளாகி, அச்சின் நிழல் கோடுகள் தெரியாமல் போயின. "தெருவுக்கே காட்டுனா கண்ணு படாம இன்னா பண்ணும்?" என்று மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். நைனா வேலையை விட்டுவிட்டு மலைக்குப் போய்த் திருநீறு வாங்கிவந்து, தொட்டியின் நாலு பக்கமும் பூசினார். அக்கா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, செத்ததை ஒவ்வொன்றாக இலையில் எடுத்து எனக்குத் தெரியாமல் முருங்கை மரத்தடியில் புதைத்தாள். எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

நான் வால் அளந்தேன். தண்ணீருக்கு வெளியே ஒரு நூலைப் பிடித்து, கண்ணால் அளந்து, அறுத்து, முடிச்சுப் போட்டு வைப்பேன். ஒவ்வொரு நாளும் நூல் குட்டையாகிக்கொண்டே வந்தது. பந்தயம் எனக்கு மறந்தே போயிருந்தது. உண்மையாகச் சொல்கிறேன், விளக்கு வைத்த பிறகு நான் புத்தகத்தைத் தொடவும் இல்லை. தொட்டியருகே உட்கார்ந்திருந்தேன்.

அந்த நாட்களில் பாவா என்னை ஒரு வார்த்தை கேலி செய்யவில்லை. டீச்சரம்மா என்றுகூடக் கூப்பிடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் கிணற்றடியில் வாய் கொப்பளிக்க வந்தார். முந்தின நாள் அக்கா அங்கே உட்கார்ந்து நூல் பிரித்தபோது, செத்ததை எடுக்க அச்சு மூடியை அவிழ்த்த நேரத்தில் ஒரு காலித் தார்க்குச்சி தொட்டிக்குள் விழுந்திருந்தது போலிருக்கிறது. பாவா தொட்டியைத் தற்செயலாகப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"ஏய், இங்க வா. ஓடி வா."

மிதந்துகொண்டிருந்த தார்க்குச்சியின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தது. வால் ஒரு சின்னக் கருப்பு முனையாக மிஞ்சியிருந்தது. தொண்டை துடித்துக்கொண்டிருந்தது. உயிரோடு இருந்தது. குச்சிக்குப் பக்கத்தில் இன்னொன்று, ஏற இடமில்லாமல் கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

பாவா குனிந்து இரண்டையும் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், "இதுங்களுக்கு நோவு இல்லம்மா. இதுங்க மூழ்கிச் சாவுதுங்க."

"தவளை எங்கியாவது மூழ்குமா பாவா?"

"ஏறி குந்தறதுக்கு எடம் இல்லன்னா எதுவும் மூழ்கும்."

அவர்தான் அச்சு மூடியைக் கழற்றினார். அவர்தான் உள்ளே ஓடி, முறிந்துபோன பழைய மிதிப்பலகை ஒன்றை எடுத்துவந்து, தொட்டிக்குள் ஒரு செங்கல்லை வைத்து, பலகையைச் சாய்த்து, நீருக்குள்ளிருந்து தொட்டியின் விளிம்புவரை ஒரு சரிவு கட்டினார். தவளை என்றால் கத்துகிற மனுஷன் முழங்கைவரை அந்த மஞ்சள் தண்ணீருக்குள் கையை விட்டிருந்தார். ஒன்று அவர் மணிக்கட்டின்மேல் ஏறியது. அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். கையை எடுக்கவில்லை. "போ, போ, சீக்கிரம் எறங்கித் தொல" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

மத்தியானத்துக்குள் மிச்சமிருந்தவையெல்லாம் பலகையின்மேல் இருந்தன. விரல் நகத்தளவு தவளைகள். வாலே இல்லாதவை சில. மறுநாள் ஒன்று குதித்தது.

அது குதித்ததைப் பார்த்த நிமிஷத்தில்தான் எனக்குள் அந்தக் கருப்புச் சொட்டு, பாடப்புத்தகத்தின் அந்த மை ஊறிய சொட்டு, அசைந்தது. உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தேன். கிணற்றடியில் நின்று படித்தேன். "தலைப்பிரட்டைக்கு வால் உண்டு, வளர்ந்து தவளையானதும் வால் மறைந்துவிடும்." நான் முழு மார்க் வாங்கிய வரி. தமிழ்க்காரர்கள் அதன் தலையைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் அதன் வாலைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒரே உயிருக்குத் தலைப்பக்கம் ஒரு பெயர், வால்பக்கம் ஒரு பெயர். நடுவில் இருந்த தவளையை நான் தவறவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்போ அன்னிக்கு நீ பொய் சொல்லல, மொழிபெயர்த்திருக்க" என்றார். அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன்.

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. தவளைகள் ஒவ்வொன்றாகத் தொட்டியை விட்டுப் போயின. எங்கே போகும்? வீட்டிலேயே குளிர்ச்சியான, ஈரமான, இருட்டான இடத்துக்கு. பாவாவின் தறிக்குழிக்கு. அந்தப் பருவம் முழுக்கப் பாவா குழிக்குள் இறங்குவதற்கு முன்னால் குச்சியை விட்டுக் கிளறவில்லை. குனிந்து, "வரலாமா?" என்று கேட்பார். கொஞ்சம் பொறுத்து, காலை ஒரு ஓரமாக மெல்ல இறக்குவார். அம்மா பயந்த பாம்பு வரவில்லை. அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

ஒரு மாலை, பல்பைப் போட்டதும் நானாகவே போய் ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்தேன். தோற்றால் தோற்றதுதான். எனக்கு அதில் ரோஷம் உண்டு.

"இன்னா இது?" என்றார் பாவா.

"வால் விழுந்துட்சில்ல. பொங்கல் வரைக்கும் தார்."

பாவா நாடாவைத் தள்ளிக்கொண்டே யோசித்தார். "எல்லாத்துக்கும் விழுந்துதா?"

"இருக்கறதுக்கு எல்லாம் விழுந்துட்சி."

"செத்ததுங்க?"

"அதுங்க வாலோடதான் செத்துதுங்க."

"அப்ப எப்படி நான் ஜெயிச்சேன்? பந்தயம் முடியல. வால் விழாதது எங்கியோ கீதுன்னு உங்க டீச்சர் சொல்லுச்சில்ல? அத நீ காட்டறவரைக்கும் பந்தயம் நடந்துகினே இருக்கும். போ, எழுந்துபோய் படி. நீ சுத்துற தார் வேற லூசா இருக்கும், நூல் அறுந்து எவன் கட்டுவான்?"

அக்கா தொட்டிலை ஆட்டிக்கொண்டே, ஒரு கையால் ராட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

பிறகு எத்தனையோ நடந்தது. உயர்நிலைப் பள்ளி, மெட்ராஸில் விடுதி, விலங்கியல் பட்டம். நான் பட்டம் வாங்கிய அங்கியோடு எடுத்த படம் அந்தக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. கல்லூரிச் சோதனைச்சாலையில் ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் வெளிறிப்போன ஒரு நியூட்டை முதன்முதலில் பார்த்தேன். நாலு கால், ஒரு வால். என் கண் தானாக அதன் வால் நுனிக்குப் போனது. கறுத்திருக்கிறதா என்று பார்த்தது. நம் நாட்டில் அது கிழக்கு இமயமலையில், டார்ஜிலிங் பக்கத்து மலைக் குளங்களில்தான் இருக்கிறது என்று பேராசிரியை சொன்னார். மழைக்காலத்தில் முட்டையிட மட்டும் தண்ணீருக்கு வருமாம். மற்ற மாதங்களில் கரையேறி, கல்லுக்கும் இலைச்சருகுக்கும் அடியில் தரையில்தான் வாழுமாம்.

அன்று விடுதிக்கு நடந்து திரும்பும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. என் கஞ்சித் தொட்டியில் இருந்தவை நிஜமான வால் தவளைகளாகவே இருந்திருந்தாலும் செத்துத்தான் போயிருக்கும். அவற்றுக்கும் அக்கா சொன்ன அந்த ஒரு கல் வேண்டியிருந்திருக்கும்.

அதே பேராசிரியை இந்த மழைக்காலத்தில் அந்தக் குளங்களுக்குப் போகிறார். உடன் வந்து உதவ ஒரு ஆள் வேண்டும் என்றார். கேட்டு முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன். ஐந்தாம் வகுப்பில் தூக்கிய அதே கைதான்.

நேற்று காலை திருத்தணி ஸ்டேஷனுக்கு எல்லோரும் வந்தார்கள். அம்மா, கட்டுச்சோறு மடித்திருந்த காகிதத்தை வழியில் தூக்கிப் போடாமல் படிக்கச் சொன்னாள். நைனா பெட்டியை நானே தூக்குவேன் என்று பிடிவாதம் பிடித்து, பாவாவிடம் தோற்றார். பாவாவுக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருக்கிறது. பெட்டியை இருக்கைக்குக் கீழே தள்ளிவிட்டு இறங்கி, ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன், அவர் கீழே பிளாட்பாரத்தில். மறுபடியும் மேலிருந்து குனிந்துதான் அவரைப் பார்க்க வேண்டியிருந்தது.

"அங்கயும் வால் விழுந்துட்சின்னா நேரா ஊட்டுக்கு வந்து ராட்டையில குந்து" என்றார்.

"விழாது பாவா. இந்த தடவை நல்லா தெரியும்."

"புஸ்தகத்துல போட்டிருக்குதா?"

"புஸ்தகத்துல போட்டிருக்குது. அதான் நேர்ல பாக்கப் போறேன்."

அவர் தலையை ஆட்டினார். வண்டி அசைந்தது. அம்மா ஏதோ சொன்னாள், அக்கா ஏதோ சொன்னாள், எல்லாம் இரைச்சலில் போய்விட்டது. பாவா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நாலடி கூடவே நடந்தார். பிறகு கையை விட்டார். அவர் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. அவர் என்ன சொன்னார் என்பது, பிளாட்பாரம் முடிந்து, மலை பின்னால் திரும்பத் தொடங்கிய பிறகுதான் எனக்குள் வந்து சேர்ந்தது.

"போயிட்டு வாங்க."

நான் இன்னும் அவருக்கு எதையும் காட்டவில்லை. ஆனால் வண்டி ஏறிவிட்டேன்.